ஒருவர் கையில் மட்டும் இருந்த சாவி

பணியிட மனிதர்கள் – 14

சென்ற வாரம், எல்லா உத்தரவையும் வாய்மொழியாகவே போட்டுவிட்டுப் பிறகு கைகழுவும் மேலதிகாரியைப் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம், அலுவலகங்களில் அதிகம் முணுமுணுக்கப்படுகிற, ஆனால் நேருக்கு நேர் பேசப்படாத ஓர் ஆளை எடுத்துக்கொள்வோம். கேட்டதைத் தராத ஐ.டி. ஆள்.

வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கு வாரம் கடந்தும் லாகின் வந்திருக்காது. போய்க் கேட்டால் “டிக்கெட் போட்டீங்களா?” என்பார். டிக்கெட் போட்டால் அது திறந்தபடியே கிடக்கும். சர்வர் நின்றுபோனால் அவர் ஒருவரால்தான் அதை எழுப்ப முடியும். எப்படி எழுப்பினீர்கள் என்று கேட்டால் “சொன்னா புரியாது சார்” என்று பதில் வரும். எழுதி வையுங்கள் என்றால் “பார்க்கலாம்.” அவர் லீவு எடுத்தால் மொத்தப் பிரிவும் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும். பெரும்பாலும் அந்தப் பிரிவிலேயே கெட்டிக்காரர் அவர்தான் என்பது இன்னொரு சிக்கல். வேலை தெரியாதவராக இருந்தால் மாற்றிவிடலாம். இவரை என்ன செய்வது?

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் எனக்கு ஒரு வழக்குதான் நினைவுக்கு வரும். அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகத்தில், 2008ஆம் ஆண்டு நடந்தது. கணினித் துறைக்காரர்கள் பலருக்கு இது தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் இதைச் சொல்லும்போது ஒன்று அந்த ஊழியரை வில்லனாக்கிவிடுகிறார்கள், இல்லையென்றால் தியாகியாக்கிவிடுகிறார்கள். இரண்டுமே நமக்குப் பயன்படாது. நடந்ததை வரிசையாகப் பார்ப்போம்.

டெர்ரி சைல்ட்ஸ் என்பவர் அந்த நகரத்தின் தகவல் தொழில்நுட்பத் துறையில் நெட்வொர்க் பொறியாளர். சுமார் ஐந்து ஆண்டுகளாக அங்கே வேலை பார்த்தவர். சிஸ்கோ நிறுவனம் நடத்தும் சி.சி.ஐ.இ. தேர்வில் தேறியவர். நெட்வொர்க் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்த நான்கு எழுத்தின் மதிப்பு தெரியும். எட்டு மணி நேரச் செய்முறைத் தேர்வு அது, முதல் முயற்சியில் தேறாதவர்கள் ஏராளம். அப்படிப்பட்டவர் நகரத்துக்காக ‘ஃபைபர்வேன்’ என்ற வலையமைப்பைக் கட்டினார். ஊழியர்களின் மின்னஞ்சல், சம்பளப் பட்டியல், காவல்துறை ஆவணங்கள், சிறைப் பதிவுகள் எல்லாம் அதில் ஓடின. நகர நிர்வாகத்தின் தரவுப் போக்குவரத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் அதன் வழியாகத்தான் போனது. கட்டியவரும் அவர், காத்தவரும் அவர். நேரம் காலம் பார்க்காமல் அதற்காக உழைத்தார். நாளடைவில் அதன் உள்ளே நுழையும் அதிகாரம் அவர் ஒருவரிடம் மட்டும் என்றாகிவிட்டது.

அது ஒரே நாளில் வந்த நிலைமை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ரவுட்டர்களில் கடவுச்சொல்லை மறந்துவிட்டால் கருவியின் அருகே போய் உட்கார்ந்து மீட்டெடுக்கும் வசதி ஒன்று உண்டு. அவர் அதை நிறுத்திவைத்தார். அமைப்பு விவரங்களைச் சில கருவிகளின் நிரந்தர நினைவகத்தில் சேமிக்காமல் விட்டார். யாராவது மின்சாரத்தைப் பிடுங்கினால் அந்தக் கருவி எல்லாவற்றையும் மறந்துவிடும். திரும்ப ஏற்றுவதற்கான நகல் அவரிடம் இருக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் பாதுகாப்பு என்ற தொழில்நுட்பக் காரணம் சொல்ல முடியும். யார் வேண்டுமானாலும் நுழையக்கூடிய கட்டடத்தில் ரவுட்டரை வைத்தால், திருடுபவனுக்கு அதிலிருந்து எதுவும் கிடைக்கக் கூடாது என்பது நியாயம்தான். ஆனால் இந்த நியாயங்களையெல்லாம் கூட்டிப் பார்த்தால் வருகிற விடை, அவர் இல்லாமல் அந்த வலையமைப்பில் ஒரு துரும்பையும் நகர்த்த முடியாது என்பது. தன் வடிவமைப்புக்குத் தன் பெயரில் பதிப்புரிமை கேட்டு அவர் விண்ணப்பித்திருந்தார் என்ற தகவலும் பிறகு வெளிவந்தது. சம்பளத்துக்குச் செய்த வேலை எந்தக் கட்டத்தில் சொத்தாகத் தோன்ற ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது, அவராலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

2008இல் அந்தத் துறையில் பட்ஜெட் குறைப்பு, ஆள் குறைப்பு. பாதுகாப்புப் பிரிவுக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். ஜூன் மாதம் அவர் கருவிகளைக் கணக்கெடுக்க வந்தபோது சைல்ட்ஸ் குறுக்கிட்டார், தன் கைபேசியால் அவரைப் படமெடுத்தார். அந்தப் பெண் அதிகாரி பயந்துபோய் ஓர் அறைக்குள் போய்க் கதவை மூடிக்கொண்டார். மேலதிகாரிகளுக்கு அப்போதுதான் நிலைமையின் கனம் உறைத்தது.

ஜூலை 9ஆம் தேதி, நகரத்தின் நீதிமன்றக் கட்டடமான ஹால் ஆஃப் ஜஸ்டிஸில் ஓர் அறைக்கு அவரை அழைத்தார்கள். உள்ளே துறையின் உயர் அதிகாரி, மனிதவளப் பிரிவைச் சேர்ந்தவர், ஒரு போலீஸ் அதிகாரி. மேசையில் ஒலிபெருக்கியில் போடப்பட்ட தொலைபேசி, மறுமுனையில் வேறு சில பொறியாளர்கள். உங்களை வேறு வேலைக்கு மாற்றுகிறோம், ஃபைபர்வேன் கடவுச்சொற்களைக் கொடுங்கள் என்றார்கள். அவர் சரியானதைக் கொடுக்கவில்லை. அவர் சொன்ன கடவுச்சொற்கள் வேலை செய்யவில்லை. உடனே பணியிடை நீக்கம். நான்கே நாளில், 13ஆம் தேதி, கைது. ஜாமீன் தொகை 50 லட்சம் டாலர்.

அவர் சிறையில் இருந்த அந்த நாட்களில் வலையமைப்பு நிற்கவில்லை. மின்னஞ்சல் போனது, சம்பளம் போனது. ஆனால் அதில் ஒரு மாற்றம் செய்யவோ, பழுது வந்தால் கைவைக்கவோ நகரத்தில் யாராலும் முடியாது. சிஸ்கோவிலிருந்து ஆள் வரவழைத்துப் பார்த்தார்கள். கடைசியில் ஜூலை 21ஆம் தேதி, அப்போது மேயராக இருந்த கேவின் நியூசம், பின்னாளில் கலிஃபோர்னியாவின் ஆளுநரானவர், தானே சிறைக்குப் போய் சைல்ட்ஸைச் சந்தித்தார். அவரிடம் மட்டும் கடவுச்சொற்களைக் கொடுத்தார் சைல்ட்ஸ். மேயர் ஒருவரைத்தான் நம்ப முடியும் என்பது அவர் தரப்பின் வாதம்.

அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் தாக்கல் செய்த ஆவணங்களில், நகர வலையமைப்புக்குள் நுழையப் பயன்படும் 150க்கு நெருக்கமான பயனர் பெயர்களும் கடவுச்சொற்களும் அப்படியே அச்சிடப்பட்டு, பொது ஆவணமாகப் போய்ச் சேர்ந்தன. “இவர்களிடம் கொடுத்தால் பத்திரமாக இருக்காது” என்று சைல்ட்ஸ் சொல்லிக்கொண்டிருந்ததற்கு அரசே சாட்சியம் எழுதிக் கொடுத்தது போல ஆகிவிட்டது. அவரை ஆதரித்த சிஸ்டம் அட்மின்கள் உலகெங்கும் இதை எடுத்துக் காட்டினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது.

வழக்கு நீண்டது. நான்கு குற்றச்சாட்டுகளில் மூன்றை 2009இல் நீதிபதி தள்ளுபடி செய்தார். மிஞ்சியது ஒன்று. உரிமையுள்ளவர்களுக்குக் கணினிச் சேவை கிடைக்காமல் செய்தது, கலிஃபோர்னியா தண்டனைச் சட்டம் 502ஆம் பிரிவு. 2010 ஏப்ரல் 27இல் ஜூரிகள் அவர் குற்றவாளி என்றார்கள். ஆகஸ்ட்டில் நான்கு ஆண்டுச் சிறை. அடுத்த ஆண்டு, நகரத்துக்கு ஏறத்தாழ 15 லட்சம் டாலர் இழப்பீடு தரவேண்டும் என்ற உத்தரவு. இந்தச் சட்டம் வெளியிலிருந்து வரும் ஹேக்கர்களுக்கானது, ஊழியருக்குப் பொருந்தாது என்று மேல்முறையீடு செய்தார். 2013இல் அதுவும் தள்ளுபடியானது.

ஜூரிகளில் ஒருவர் சைல்ட்ஸைப் போலவே சி.சி.ஐ.இ. தேறிய நெட்வொர்க் பொறியாளர். தொழில் தெரிந்தவர், அதனால் அனுதாபத்தோடு வந்திருக்கக்கூடியவர். அவரும் குற்றவாளி என்றே வாக்களித்தார். தீர்ப்புக்குப் பிறகு அளித்த பேட்டிகளில், கேட்டவர் கேட்க உரிமையுள்ளவர் என்பது சைல்ட்ஸுக்குத் தெரிந்தே இருந்தது என்பதை அவர் காரணமாகச் சொன்னார். நிர்வாகம் ஒழுங்காக நடந்திருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்தே இருக்காது என்றும் சொன்னார். இந்த வழக்கைப் பற்றி நான் படித்தவற்றில் இதைவிட நேர்மையான பார்வை எனக்குக் கிடைக்கவில்லை.

என் முடிவும் அதுதான். வலையமைப்பு நகர மக்களுடையது. அவர்கள் வரிப்பணத்தில் வாங்கியது. அதைக் கட்டியவரின் திறமை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை அவருக்கு இல்லை. மேலதிகாரிக்கு விஷயம் தெரியாது என்பதும் அந்த உரிமையைத் தராது. ஆனால், ஐந்து ஆண்டுகள் வற்புறுத்தாமல் விட்டதை ஓர் அறைக்குள், போலீஸை உட்காரவைத்துக்கொண்டு, வேலை போகப்போகிற மனிதரிடம் கேட்ட நிர்வாகத்துக்கும் இதில் சரிபாதிப் பங்கு உண்டு. அந்த நாட்களில் அவர்கள் தவறவிட்டது, நம் அலுவலகங்களும் தினந்தோறும் தவறவிடுகிற ஒன்று.

அவர்கள் கடவுச்சொல்லைக் கேட்டார்கள். கேட்டிருக்க வேண்டியது இரண்டாவது கணக்கை.

இது சின்ன வேறுபாடாகத் தெரியலாம். ஐ.டி. ஆளோடு வரும் சண்டைகளில் பாதி இங்கேதான் தீரும். கடவுச்சொல் என்பது ஒருவருக்கு உரியது. அதைப் பிறரிடம் சொல்லாதே என்றுதான் எல்லா நிறுவனங்களின் பாதுகாப்பு விதிகளும் சொல்கின்றன. நாளைக்கு ஏதாவது தவறு நடந்தால் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் “உன் பாஸ்வேர்டைக் கொடு” என்று கேட்கும்போது அவர் மறுத்தால், விதி அவர் பக்கம் இருக்கிறது. சைல்ட்ஸும் இதே விதியின் பின்னால்தான் நின்றார். ஆனால் “எங்கள் பிரிவில் இன்னொருவருக்கு அவர் பெயரிலேயே அதே அதிகாரத்தோடு ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுங்கள்” என்று கேட்டால் மறுக்க எந்த விதியும் இல்லை. யார் என்ன செய்தார்கள் என்பது தனித்தனியாகப் பதிவாகும். ஒருவர் செய்ததற்கு இன்னொருவர் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை. இதையும் ஒருவர் மறுத்தால், அவர் காப்பது பாதுகாப்பை இல்லை, தன் இடத்தை என்பது அப்போது தெளிவாகிவிடும்.

எதிரில் இருப்பவர் பாதுகாப்பைக் காப்பவரா, தன் இடத்தைப் பிடித்துவைத்திருப்பவரா என்று தெரிந்துகொள்ளாமல் புகார் எழுத உட்காராதீர்கள். “முடியாது” என்று சொல்வதற்கே சம்பளம் வாங்குகிற வேலை அவருடையது என்பதை நாம் மறந்துவிடுகிறோம். விற்பனைப் பிரிவில் ஒருவர் இணையத்திலிருந்து இலவச மென்பொருள் ஒன்றை இறக்கி, அதை நிறுவ அட்மின் உரிமை கேட்பார். இவர் மறுப்பார். மாடிக்கு மாடி கெட்ட பெயர் பரவும். ஆனால் அந்த மென்பொருளோடு வைரஸ் வந்து தரவு பூட்டப்பட்டால், இரவெல்லாம் உட்கார்ந்து மீட்க வேண்டியவர் இவர். இந்தியாவில் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரசு அமைப்பான செர்ட்-இன் 2022இல் வெளியிட்ட உத்தரவின்படி, இப்படிப்பட்ட சம்பவம் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும், கணினிப் பதிவுகளை 180 நாட்களுக்குக் காக்க வேண்டும். அந்தக் கடிகாரம் ஓட ஆரம்பித்தால் விற்பனைப் பிரிவில் யாருக்கும் தூக்கம் கெடாது.

ஆகவே மறுப்பு வந்தால் கேட்க வேண்டியது, “இது ஏன் முடியாது? எப்படிக் கேட்டால் முடியும்? யார் ஒப்புதல் தர வேண்டும்?” காப்பவராக இருந்தால் மூன்றுக்கும் அவரிடம் பதில் இருக்கும். கொஞ்சம் எரிச்சலோடு சொல்வார், ஆனால் சொல்வார். பிடித்துவைத்திருப்பவரிடம் முதல் கேள்விக்கே பதில் இருக்காது, அல்லது ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பதில் வரும். இதைக் கேட்கும் இடமும் முக்கியம். நான்கு பேர் நடுவில் கேட்டால், பதிலைவிட மானம் பெரிதாகிவிடும். முதல் மெயிலிலேயே அவருடைய மேலாளரை சிசியில் போடுவது நம் அலுவலகங்களில் தொற்றுநோய் போலப் பரவியிருக்கிற பழக்கம். அந்த ஒரு வரியோடு நட்பு முடிந்துவிடும், வேலையும் நடக்காது. அவர் இருக்கைக்குப் போங்கள். உட்கார்ந்து பத்து நிமிடம் அவர் திரையைப் பாருங்கள். திறந்து கிடக்கிற டிக்கெட்டுகளில் உங்களுடையது எத்தனையாவது என்று தெரியும். சில நேரம், ஒத்துழைக்காத மனிதர் என்று நாம் நினைத்தவர் மூன்று ஆள் வேலையை ஒற்றையாளாகப் பார்க்கிறவர் என்று தெரியவரும். அப்போது நம் புகார் போய்ச்சேர வேண்டிய இடம் வேறு.

இந்த வேலையின் இயல்பு அப்படி. எல்லாம் ஓடும்போது அவர் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், அதுவும் கோபத்தோடு. 2000ஆம் ஆண்டு சிகாகோவைச் சேர்ந்த டெட் கெகாடோஸ் என்ற சிஸ்டம் அட்மின், ஜூலை மாதக் கடைசி வெள்ளிக்கிழமையைத் தன் தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு நன்றி சொல்லும் நாளாக அறிவித்தார். புதிய பிரிண்டர்களைக் கொண்டுவந்த அட்மினுக்கு ஊழியர்கள் வரிசையில் நின்று பூங்கொத்து தரும் ஒரு விளம்பரத்தைப் பார்த்துத் தோன்றிய எண்ணம் அது. நன்றியை நாமே நாள் குறித்துக் கேட்டு வாங்க வேண்டியிருக்கிற தொழில்கள் அதிகம் இல்லை. மேயரிடம் சைல்ட்ஸ் கடவுச்சொல் கொடுத்த அதே வாரத்தின் வெள்ளிக்கிழமைதான் 2008ஆம் ஆண்டுக்கான அந்த நாள்.

சரி, அன்பாகப் பேசியாயிற்று, பொறுத்தாயிற்று, அப்போதும் மாறவில்லை என்றால்? அப்போது அது இரண்டு பேருக்கு இடையிலான விஷயமாக இருப்பதை நிறுத்திவிட வேண்டும். அமைப்பு கையிலெடுக்க வேண்டும். இதற்கு வெளிநாட்டுப் புத்தகங்களைத் தேட வேண்டியதில்லை, நம் ஊர் வங்கிக் கிளைக்குப் போனால் போதும். பணப்பெட்டக அறையின் சாவி எந்தக் காலத்திலும் ஒருவர் கையில் இருப்பதில்லை. இரண்டு அதிகாரிகளின் கூட்டுப் பொறுப்பு அது. இருவரும் வந்தால்தான் கதவு திறக்கும். மாற்றுச் சாவிகள் வேறொரு கிளையின் பாதுகாப்பில் இருக்கும். மேலாளர் எவ்வளவு யோக்கியர் என்பதை வைத்து இந்த ஏற்பாட்டை யாரும் தளர்த்துவதில்லை. அவரும் இதை அவமானமாக எடுத்துக்கொள்வதில்லை. யோக்கியருக்கும் உடம்பு சரியில்லாமல் போகும், இடமாற்றம் வரும். நெட்வொர்க் அட்மினிடம் இரண்டாவது கணக்கு கேட்டால் மட்டும் அது ஏன் சந்தேகப்படுவது போல ஒலிக்கிறது? வங்கியில் முதல் நாளிலிருந்தே அது விதி. நம் அலுவலகங்களில் சண்டை வந்த பிறகு எடுக்கும் ஆயுதம். வேறுபாடு அவ்வளவுதான்.

வங்கிகளில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. முக்கியப் பொறுப்புகளில் இருப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை தொடர்ச்சியாக 10 வேலை நாட்களுக்குக் குறையாமல் கட்டாய விடுப்பில் போக வேண்டும், அதுவும் முன்கூட்டிச் சொல்லாமல் அனுப்பப்பட வேண்டும் என்று 2021இல் ரிசர்வ் வங்கி வழிகாட்டியது. அந்த நாட்களில் அவர் கணினிக்குள் நுழைய முடியாது, அலுவலக மின்னஞ்சல் மட்டும் விலக்கு. மோசடியைப் பிடிப்பதற்காக வந்த விதி இது. ஆனால் ஒரு பிரிவு ஓர் ஆளை நம்பி எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவும் இதைவிட நல்ல சோதனை கிடையாது. சைல்ட்ஸை ஒரு வருடமாவது இப்படிப் பத்து நாள் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் சான் பிரான்சிஸ்கோ விழித்துக்கொண்டிருக்கும். அவருக்கும் ஓய்வு கிடைத்திருக்கும். எந்நேரமும் அழைப்புக்குக் காத்திருக்கும் வாழ்க்கை ஒரு மனிதரின் நிதானத்தை என்ன செய்யும் என்று அந்த நிர்வாகம் யோசித்ததாகத் தெரியவில்லை.

சென்னை, கோவை நிறுவனங்களில் இந்தப் பிரச்சினை வேறு உருவத்தில் வரும். அதன் பெயர் கே.டி. வேலையை விட்டுப் போகிறவர் தனக்குத் தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும். நோட்டீஸ் பீரியட் 60 நாள், 90 நாள் என்று இருக்கும். நடப்பது என்னவென்றால், மாற்று ஆள் கடைசி இரண்டு வாரத்தில்தான் வந்து சேர்வார். போகிறவர் மனதளவில் ஏற்கெனவே புது இடத்தில் இருப்பார். நான்கு மீட்டிங், ஒரு அரைகுறை எக்செல் கோப்பு, முடிந்தது கே.டி. நிர்வாகம் ரிலீவிங் லெட்டரைக் காட்டி மிரட்டும். அவர் இன்னும் இறுகிப்போவார். ஐந்து வருடத்தில் தலைக்குள் சேர்ந்த அறிவை மிரட்டி எடுக்க முடியாது. போகிறேன் என்று சொன்ன பிறகு ஆரம்பிக்கிற எந்தக் கே.டி.யும் தாமதமானதுதான்.

‘தி பீனிக்ஸ் ப்ராஜெக்ட்’ என்று 2013இல் வந்த ஒரு நாவல் ஐ.டி. மேலாளர்கள் மத்தியில் பெரிதாகப் பேசப்பட்டது. அதில் பிரெண்ட் என்று ஒரு பாத்திரம். எது கெட்டாலும் அவர்தான் வர வேண்டும், எந்தத் திட்டமும் அவர் மேசையில்தான் தேங்கும். மிக நல்ல மனிதர், யாருக்கும் இல்லை என்று சொல்லத் தெரியாதவர். அப்படியும் மொத்த நிறுவனத்துக்கும் அவரே தடையாகிப்போகிறார். பிரெண்டிடம் யாரும் நேராகப் போகக் கூடாது, அவருக்குத் தெரிந்தது மற்றவர்கள் கைக்கு வர வேண்டும் என்று மேலாளர் ஒழுங்கு கொண்டுவருகிறார். எனக்கு அந்த வழி பிடித்திருக்கிறது. கெட்டிக்காரரை எழுதச் சொன்னால் எழுத மாட்டார், அவருக்கு அது தண்டனை. அவர் பக்கத்தில் ஓர் இளையவரை உட்காரவைத்து, இளையவர் கையை விசைப்பலகையில் வைக்கச் சொல்லி, இவரை வாயால் சொல்லச் சொன்னால் சொல்வார். சொல்லித்தருவதில் அவருக்கே ஒரு மகிழ்ச்சி வரும். ஆவணம் தானாக உருவாகும்.

அதற்கு முன்னால் அவருடைய பயத்துக்குப் பதில் சொல்லியாக வேண்டும். “எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டா நம்மளை அனுப்பிடுவாங்க.” வெளியில் சொல்லாவிட்டாலும் உள்ளே ஓடுவது இதுதான், இது பொய்ப் பயமும் இல்லை. சைல்ட்ஸ் இறுகிப்போனது ஆள் குறைப்பு நடந்த ஆண்டில். சொல்லிக்கொடுத்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கற்றுக்கொண்டவரைக் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் நிறுவனத்தில், யாரும் எதையும் சொல்லித்தர மாட்டார்கள், தரவும் வேண்டியதில்லை. இரண்டு பேரைத் தயார் செய்தவருக்கு அடுத்த பதவி என்று ஒருமுறை செய்து காட்டட்டும். பிடித்துவைத்திருக்கும் கைகள் தானாகத் தளரும். அந்தக் கெட்டிக்காரருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் இல்லாமல் ஓடாத சர்வர் உங்களை உயர்த்தாது. அந்த நாற்காலியை விட்டு உங்களை நகர்த்தவே யாருக்கும் மனம் வராது. உங்கள் தங்கை கல்யாணத்திலும் மடிக்கணினியோடுதான் உட்கார்ந்திருப்பீர்கள்.

சட்டத்தைப் பற்றியும் தெரிந்திருக்கட்டும். நம் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 43ஆம் பிரிவு, உரிமையுள்ள ஒருவருக்குக் கணினியை அணுக முடியாமல் செய்வதை இழப்பீட்டுக்குரிய செயல் என்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடோ மோசடியாகவோ செய்தால் 66ஆம் பிரிவின் கீழ் மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேலையை விட்டுப் போகும் கோபத்தில் கடவுச்சொல்லை மாற்றிவைத்துவிட்டுப் போகிறவர்கள் இதைப் படிக்க வேண்டும். அதேபோல, இந்தப் பிரிவைக் காட்டி ஊழியரை மிரட்டலாம் என்று நினைக்கும் மேலாளரும் ஒன்றைப் பார்க்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ அந்த வழக்கில் வென்றது. ஆனால் கதவைத் திறந்தது வழக்கு இல்லை, சிறைக்குப் போய் எதிரில் உட்கார்ந்து பேசிய ஒரு மேயர்.

இந்த வாரம் உங்கள் அலுவலகத்தில் ஒரு கேள்வியைக் கேளுங்கள். நாளைக் காலையில் இவர் வரவில்லை என்றால் இந்த சர்வருக்குள், இந்த மெயில் கணக்குக்குள், இந்த பேக்கப்புக்குள் போக உரிமையுள்ள இரண்டாவது ஆள் யார்? பெயர் சொல்ல முடியவில்லை என்றால் அந்தப் பெயரை இந்த மாதத்துக்குள் எழுதிவிடுங்கள். கேள்வியை அவர் முதுகுக்குப் பின்னால் கேட்காதீர்கள். முதலில் அவரிடமே கேளுங்கள்.

(தொடரும்)